மாக் கேட்ட ஒரு மாதம்

என் அப்பாவின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அந்தக் கையெழுத்தின் மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் தீரவில்லை. அரசாங்க அலுவலகத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தவர். எதையும் தாளில் எழுதிவைத்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தபோதும் ஒரு தாள் எழுதினார். நிறுத்துவதாக இருந்தால், எந்தப் பக்கமானாலும் ஒரு மாதம் முன்னதாகச் சொல்லிவிட வேண்டும். அதற்கு முன்னால் இருந்த ஆயா ஒரு திங்கட்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டதால், தமிழ்ப் பள்ளியில் ஆசிரியையாக இருந்த அம்மா அவசர லீவு போட்டுத் தலைமையாசிரியரிடம் திட்டு வாங்கினாள். அதில் பிறந்த ஞானம் அது.

அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டவளை நான் மாக் என்று கூப்பிடுவேன். மலாயில் அம்மா என்று அர்த்தம். மலாக்காவில், காஜா பெராங் பக்கம், எங்கள் வாடகை வீட்டுக்குப் பின்சந்தில் இருந்தாள். மலாக்காச் செட்டிக் குடும்பம். நம்மைப் போலவே மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள், திருநீறு பூசுகிறவர்கள், ஆனால் வாயைத் திறந்தால் மலாய்தான். மாக்குக்குத் தமிழில் சாமி பெயர்கள் தெரியும், அவ்வளவே. கல்யாணமாகித் தமிழ்நாட்டிலிருந்து வந்த அம்மாவுக்கோ மீன்காரனிடம் பேரம் பேசும் அளவுக்குத்தான் மலாய். ஆக இருவருக்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளர் நான். ஆறு வயது. அந்தப் பதவியில் எனக்கு ஏகப்பட்ட கர்வம்.

மெர்டேக்கா ஆகி, அதாவது நாடு சுதந்திரம் பெற்று, முதல் போகி வந்தது. செட்டிகளுக்கு அன்று பார்ச்சு. செத்துப்போனவர்களுக்கு வாழையிலை விரித்து, உயிரோடு இருந்தபோது அவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் படைத்து, மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, வீட்டார் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவார்கள். கொஞ்ச நேரம் கழித்து, மூன்று முறை தட்டிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். வந்தவர்கள் நிம்மதியாகச் சாப்பிட வேண்டுமாம்.

அதற்கு இரண்டு நாள் முன்பு, தேங்காய் துருவிக்கொண்டிருந்த மாக் என்னிடம் ஒன்று கேட்டாள். ஆறு வயசுப் பொண்ணுக்கு என்னம்மா பிடிக்கும்? அவளுக்கு ஒரு மகள் இருந்தாளாம். ஜப்பான்காரன் காலத்தில் ஆறு வயதில் காய்ச்சலில் போய்விட்டாளாம். மாமனாருக்குச் சுருட்டு, மாமியாருக்குத் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் என்று எல்லோருக்கும் தெரிந்து வைத்திருந்தவளுக்குச் சொந்த மகளுக்கு எது பிடிக்கும் என்று தெரியவில்லை. மரவள்ளிக் கிழங்கைத் தவிர வேறெதையும் அந்தப் பிள்ளை அதிகம் பார்த்ததில்லை. அதையே எத்தனை வருஷம் வைப்பது?

நான் சும்மா விடுவேனா? முறுக்கு, கெட்டிப்பால் தடவிய ரொட்டி, சிவப்புச் சர்பத், அசாம் பொய் என்கிற உப்பும் புளிப்புமான காய்ந்த பழம் என்று எனக்குப் பிடித்ததையெல்லாம் அடுக்கினேன். மாக் ஒன்றைக்கூட விடாமல் வாங்கி வந்தாள். வரிசையின் கடைசியில் சின்ன இலை ஒன்று போட்டு அத்தனையும் வைத்தாள். எங்கே வைக்க வேண்டும் என்று நான் கைகாட்டினேன்.

கதவைச் சாத்திவிட்டு நாங்கள் வாசலில் நின்றிருந்தபோது அம்மா வந்துவிட்டாள். மறுநாள் பொங்கல் என்று பள்ளியைச் சீக்கிரம் விட்டுவிட்டார்கள். மாக்குக்கு வாயெல்லாம் பல். மூன்று முறை தட்டிக் கதவைத் திறந்து, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று அம்மாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். இதெல்லாம் யாருக்கு என்று அம்மா என்னைக் கேட்டாள். செத்துப்போனவங்களுக்கு என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். சின்ன இலையைக் காட்டி, மார்தட்டாத குறையாகச் சொன்னேன்:

"இது என் இலைம்மா."

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது. செருப்புக்கூடப் போட விடவில்லை. தரதரவென்று சந்து முழுக்க இழுத்துக்கொண்டு வந்தாள். பின்னாலேயே ஓடிவந்த மாக், அம்மாகிட்ட என்ன சொன்னே, என்ன சொன்னே என்று என்னைத்தான் கேட்டுக்கொண்டே வந்தாள். எனக்கு அழுகையில் எந்த மொழியும் வரவில்லை.

வீட்டில் நான் போட்ட ஆர்ப்பாட்டம் கொஞ்சநஞ்சமில்லை. தரையில் உருண்டேன், சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டேன். அம்மா பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஒரே வார்த்தையில் என் வாயை அடைத்தாள்.

"அவங்களுக்கு நீ வேணாமாம். கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாங்க."

அந்தப் பொய்யை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அம்மா போய்ச் சேர்ந்து வருஷக்கணக்காகிறது, இருந்தாலும் மன்னிக்கவில்லை. பிள்ளைகளுக்குத் திருக்குறள் சொல்லிக்கொடுத்த வாய் அது.

சாயங்காலம் அப்பா வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, ஒரு மாத நோட்டீஸ் இருக்கிறதே என்று மெல்ல ஆரம்பித்தார். செத்தவங்க வரிசையில உங்க பொண்ணுக்கும் இலை போட்டிருக்காங்க, இதுல நோட்டீஸ் ஒரு கேடா என்றாள் அம்மா. அப்பா நாலு எட்டு நடந்து பின்சந்துக்குப் போய், என்ன ஏது என்று அவருடைய ஆபீஸ் மலாயில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தாளை மடித்து மேசைக்குள் வைத்துவிட்டு பேப்பர் படிக்க உட்கார்ந்தார். நல்ல கிராணி.

பொங்கல் கழிந்து மாக் வந்தாள். அப்பா வேலைக்குப் போயிருந்தார். கையில் என் செருப்பு, கழுவித் துடைத்திருந்தது. படியேறாமல் கீழேயே நின்று நிதானமாகப் பேசினாள். அந்த இலை உன் இலை இல்லை, என் மகள் இலை என்று அம்மாவிடம் சொல். செய்தது தப்பென்றால் மன்னிக்கச் சொல். நிறுத்துவதாக இருந்தால் நிறுத்தட்டும், ஆனால் தாளில் எழுதியபடி ஒரு மாதம் வேண்டும். சம்பளமே வேண்டாம், பிள்ளையை மட்டும் அனுப்பினால் போதும் என்றாள். ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாள்.

"சத்து புலான் சாஜா."

ஒரே ஒரு மாதம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மாதந்தானா? அதற்கப்புறம் நான் வேண்டாமா? அப்படியானால் அம்மா சொன்னது உண்மைதான்.

"என்னடி சொல்றாங்க?" என்றாள் அம்மா.

"சம்பளம் கேக்குறாங்க."

அம்மா விறுவிறுவென்று உள்ளே போய், ஒரு மாதச் சம்பளத்தை எண்ணிக் கொண்டுவந்து நீட்டினாள். மாக் அந்தக் காசைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்லியிருப்பேன் என்று அவளுக்குப் புரியாமலா இருக்கும்? திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டட்டும் என்றுகூட நினைத்தேன். அவள் காசைத் தொடவில்லை. செருப்பைப் படியில் ஜோடியாக வைத்தாள்.

"சுடா மக்கான்?" என்றாள். சாப்பிட்டாயா என்று தினமும் கேட்கிற அதே குரல்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஒரு பிள்ளையைக் காய்ச்சலிடம் நோட்டீஸ் இல்லாமல் பறிகொடுத்தவள், அடுத்த பிள்ளையையாவது கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பழகிக்கொள்ளத்தான் அந்த ஒரு மாதத்தைக் கேட்டாள். ஆறு வயதில் எனக்கு அது தெரியவில்லை. அவள் சந்து திரும்பும்வரை காத்திருந்து, செருப்பை எடுத்து ஒவ்வொன்றாகச் சாக்கடையில் எறிந்தேன்.