விரல் விறைத்த பந்தயம்

சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுகிற பந்தயத்தை முதன்முதலில் நான் ஒரு சைக்கிள் கடையில்தான் பார்த்தேன். ஷார்ஜாவில், முவைலாவில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது அந்தக் கடை. பின் டயரை மாற்றக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். சுவரில் இருந்த டிவியில், ஐரோப்பாவில் ஏதோ ஒரு ஊரில், முழங்கால் வரை சேறு பூசிய ஆட்கள் ஒரு மேட்டின் கீழே சைக்கிளிலிருந்து சட்டென்று இறங்கினார்கள். அதைத் தூக்கித் தோளில் மாட்டினார்கள். மேட்டில் ஓடி ஏறினார்கள். உச்சியில் சைக்கிளைக் கீழே போட்டு, தாவி ஏறி, மறுபக்கம் இறங்கிப் போய்விட்டார்கள். அவர்கள் வாயிலிருந்து புகை போல மூச்சு வந்துகொண்டிருந்தது.

"என்னங்க இது?" என்று கடைக்காரரிடம் கேட்டேன். அவர் மலையாளி, தமிழ் நன்றாகப் பேசுவார்.

"சைக்ளோகிராஸ் சார். குளிர் காலத்துல மட்டும் நடக்கும். சேறு, மணல், புல்லு, எல்லாத்துலயும் ஓட்டணும். நடுவுல பலகை வெச்சிருப்பாங்க, எறங்கித் தாண்டணும்."

"ஓட்ட முடியாத எடத்துல எதுக்குங்க பந்தயம் வெக்கறாங்க?"

அவர் டயரை உருட்டிப் பார்த்துக்கொண்டே சிரித்தார். "அதுதானே கேம். இங்கயும் நடக்குது சார். ராஸ் அல் கைமா மலைப் பக்கம், ஜனவரில. நீங்க போங்களேன்."

அன்று இரவு எனக்கு அந்த மூச்சுப் புகையே ஞாபகமாக இருந்தது. நான் ஈரோட்டுக்காரன். வளைகுடாவுக்கு வந்து பல வருஷம் ஆகிறது. கட்டிடங்களுக்கு ஏசி வடிவமைக்கும் வேலை. எந்த அறைக்கு எவ்வளவு குளிர் வேண்டும் என்று நாள் முழுக்கக் கணக்குப் போடுகிறேன். ஆனால் குளிரில் என் உடம்பு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. நான் வெள்ளிக்கிழமை காலைகளில் நண்பர்களோடு தார்ச் சாலையில் சைக்கிள் ஓட்டுகிறவன். வியர்வையும் உப்பும் கண்ணில் இறங்கும் எரிச்சலும் தெரியும். குளிரில் மூச்சு வாங்கினால் எப்படி இருக்கும்? நுரையீரல் வலிக்குமா? கால் மரத்துப் போகுமா, அல்லது வியர்க்காததால் இன்னும் வேகமாக ஓடுமா? இதைத் தெரிந்துகொள்ளும் ஆசையில்தான் பெயர் கொடுத்தேன். ஜெயிக்கும் ஆசை துளியும் இல்லை.

எங்கள் கட்டிடத்துக்குப் பின்னால் கார் நிறுத்தும் மணல் திடல் ஒன்று உண்டு. அங்கே பழைய மரச்சட்டம் ஒன்றைச் செங்கல் மேல் வைத்து இறங்கி ஏறப் பழகினேன். வலது காலைச் சுழற்றி இடது பக்கம் கொண்டுவர வேண்டும். சைக்கிள் ஓடிக்கொண்டிருக்கும்போதே குதித்து, அதே வேகத்தில் ஓட வேண்டும். முதல் வாரம் மூன்று சட்டங்களை உடைத்தேன். பால்கனியிலிருந்து என் மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, கீழ வண்டி நிறுத்தறவங்க எல்லாம் நின்னு பாக்கறாங்க. பைத்தியம்னு நெனைக்கப் போறாங்க."

"நெனைக்கட்டும். நீ அந்தத் தைல டப்பாவை எடுத்து வை."

பந்தயத்துக்கு முந்தின இரவு மழை பெய்தது. இங்கே மழை பெய்தால் சாலைகள் குளமாகும், பள்ளிக்கூடம் லீவு விடும், ஆபீஸில் ஆளுக்கொரு வீடியோ அனுப்புவார்கள். மலையில் மழை என்றால் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவே இல்லை. விடிகாலையில் மனைவியும் நானும் கிளம்பினோம். மகளுக்கு அன்று பரீட்சைக்குப் படிக்க இருந்தது, பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்தோம். மலைப் பாதையில் ஏற ஏற, காரின் திரையில் வெளி வெப்பம் இறங்கிக்கொண்டே போனது. ஒரு கட்டத்தில் அது ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிட்டது. மனைவி சால்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, "இதுல ஹீட்டர் இருக்குதுங்களா?" என்று கேட்டாள். இருந்தது. வாங்கிய நாளிலிருந்து ஒருமுறைகூடப் போட்டதில்லை. திருகியதும் பல வருஷத்துத் தூசி கருகும் நாற்றம் வந்தது. இருவரும் ஜன்னலைத் திறந்து, குளிரிலேயே போனோம்.

பந்தயம் ஒரு பேரீச்சைத் தோட்டத்தையும் அதை ஒட்டிய வாடியையும் சுற்றி நடந்தது. வாடி என்றால் மழை பெய்தால் மட்டும் தண்ணீர் ஓடும் ஆற்றுப் படுகை. மற்ற நாளில் கூழாங்கல்லாகக் கிடக்கும் அது, அன்று ஓடிக்கொண்டிருந்தது. தோட்டத்து மண் சிவந்து குழைந்து கிடந்தது. என்னைப் போன்ற இந்தியர்கள், பிலிப்பினோக்கள், உள்ளூர் அரபு இளைஞர்கள் எல்லோரும் பயந்த முகத்தோடு நின்றோம். ஐரோப்பியர்கள் மட்டும் கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள் போல இருந்தார்கள். ஒருவர் குனிந்து சேற்றை விரலால் தொட்டு, பக்கத்தில் இருந்தவரிடம் காட்டிச் சந்தோஷமாக ஏதோ சொன்னார். இவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது? அந்தச் சேற்றை நானும் தொட்டுப் பார்த்தேன். ஐஸ் தண்ணீரில் பிசைந்த மாவு போல இருந்தது.

நம்பர் துணியைச் சட்டையில் குத்த எனக்கு ஊக்கு திறக்க வரவில்லை. விரல் மடங்க மறுத்தது. பக்கத்தில் நின்ற பெண்மணி என் மனைவி பேசியதைக் கேட்டுத் திரும்பினார்.

"நீங்கள் தமிழோ? இஞ்ச தாங்கோ அண்ணை, நான் குத்திவிடுறன்."

ஊக்கை வாங்கி, ஒரே நொடியில் குத்திவிட்டார். யாழ்ப்பாணத்துத் தமிழ். ஆனால் சின்ன வயதிலேயே நார்வே போய் அங்கேயே வளர்ந்தவர் என்றார். இப்போது துபாயில் ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபி வேலை. நார்வேயில் இருந்தபோதே இந்தப் பந்தயம் ஓட்டியவர், விட்டுப் பல வருஷம் ஆகிறதாம்.

"உங்கட கையுறை எங்க?" என்று கேட்டார்.

நான் என் கையைக் காட்டினேன். விரல் நுனி இல்லாத, வெயிலுக்கான கையுறை.

"ஐயோ. இது காணாது அண்ணை. பிரேக் பிடிக்க ஏலாமப் போகும்."

"எவ்வளவு நேரத்துல?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "எல்லாரும் என்ன செய்யிறதெண்டு கேப்பினம். நீங்கள் எவ்வளவு நேரமெண்டு கேக்கிறியள்!"

ஆரம்பப் பிரிவில் ஆண் பெண் எல்லோரையும் ஒன்றாகவே விட்டார்கள். விசில் ஊதியதும் முன்னால் இருந்தவர்கள் ஒரு நொடியில் மறைந்தார்கள். பின்னால் நான், எனக்குச் சற்று முன்னால் அந்த நார்வேக்காரர். முதல் பலகையில் நான் பழகியபடியே இறங்கினேன், ஓடினேன், தாண்டினேன். ஏறும்போது இருக்கையில் உட்காருவதற்குப் பதில் பின்சக்கரத்தின் மேல் உட்கார்ந்துவிட்டேன். ஓரத்தில் நின்ற பாகிஸ்தானி வாலண்டியர், "யல்லா பாய், ஜல்தி!" என்று சிரித்துக்கொண்டே கத்தினார்.

நான் தேடி வந்த பதில்கள் ஒவ்வொன்றாக வந்தன. நுரையீரல் வலிக்கவில்லை. தொண்டைதான் எரிந்தது, இரும்பை நக்கியது போல ஒரு சுவை. கால்கள் முதல் சுற்றில் மரக்கட்டை, இரண்டாம் சுற்றில் திடீரென்று எனக்குச் சொந்தமாயின. வியர்த்தது, ஆனால் வியர்வை உடனே சில்லிட்டு முதுகில் ஈரத்துணி போல ஒட்டிக்கொண்டது. மூக்கு நிற்காமல் ஒழுகியது. இதை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. காது மட்டும் தனியாக வலித்தது. மூச்சுப் புகை எனக்கும் வந்தது. அதை ஒரு தடவை பெரிதாக ஊதிப் பார்த்தேன், அந்த நேரத்தில் ஒரு பேரீச்சை மரத்தில் இடிக்கப் பார்த்தேன்.

வாடியில் தண்ணீர் முட்டிக்குக் கீழே ஓடியது. சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு அதைக் கடக்க வேண்டும். சேறு ஒட்டி என் சைக்கிள் ஒரு சிறு பிள்ளையின் எடைக்கு வந்திருந்தது. அந்தக் கரையில் என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். யாரோ கொடுத்த மாட்டு மணியை வாங்கி வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்ததும் வேகமாக ஆட்டினாள்.

"கடேசி ஆள் இல்லைங்க நீங்க! பின்னால ரெண்டு பேரு இருக்காங்க!" என்று கத்தினாள். இவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்துப் பல நாள் ஆகியிருந்தது.

கடைசிச் சுற்றுக்கான மணி அடித்த கொஞ்ச நேரத்தில், நார்வேக்காரரை நெருங்கிவிட்டேன். அவர் சைக்கிள் ஓரமாகக் கிடந்தது. பின்னால் கியரைத் தாங்கும் துண்டு சேறும் புல்லும் சிக்கி ஒடிந்து, சங்கிலி தொங்கியது. நான் நின்றேன்.

"ஏதாவது உதவி வேணுங்களா?"

"என்னத்துக்கு நிக்கிறியள்? போங்கோ!" என்று அவர் சத்தம் போட்டார். "இது ரேஸ் அண்ணை!"

போனேன். மனசாட்சி ஒரு பக்கம் இருக்க, ஒருவரை முந்திவிட்டேன் என்ற குதூகலம் வந்ததை மறைக்க மாட்டேன். தோட்டத்தின் மேட்டில் ஏறி, வாடிக்கு இறங்கும் சரிவுக்கு வந்தேன். இரண்டு கையாலும் பிரேக்கை அழுத்தினேன். அழுத்துகிறேன் என்று மூளை சொன்னது, விரல்கள் அசையவில்லை. குனிந்து பார்க்கிறேன், அவை கைப்பிடியின் மேல் வேறு யாருடைய விரல்களோ போல வெளுத்துக் கிடந்தன. பயத்துக்கு முன்னால் எனக்கு ஆச்சரியம்தான் வந்தது. பிறகுதான் சைக்கிள் தானாக வேகம் எடுத்தது உறைத்தது. நேராக வாடித் தண்ணீரில் போய் விழுந்தேன்.

கூழாங்கல்லில் தோள் இடித்தது. தண்ணீர் சட்டைக்குள் புகுந்தபோது என் வாயிலிருந்து வந்த சத்தம் எனக்கே புதிது. எழுந்து நின்று சைக்கிளைத் தேடும்போது, பின்னால் சளக் சளக் என்று காலடிச் சத்தம். நார்வேக்காரர் ஒடிந்த சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியே வந்துவிட்டார். இந்தப் பந்தயத்தில் அது அனுமதிக்கப்பட்ட ஒன்று. சைக்கிள் கூட இருந்தால் போதும், அதன் மேல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. என்னைக் கடக்கும்போது, "உடைஞ்சதோ?" என்று கேட்டார்.

"இல்லைங்க!"

"அப்ப ஓடுங்கோ!"

அவர் பின்னாலேயே நானும் ஓடினேன். ஏறி ஓட்ட முடியவில்லை, கைப்பிடியைப் பிடிக்கக் கை இல்லை. பேரீச்சை வரிசையின் ஊடே இரண்டு நடுவயதுத் தமிழர்கள் போட்டி போட்டுக்கொண்டு சைக்கிள் சுமந்து ஓடினோம். கூட்டம் கத்தியது. மாட்டு மணி கேட்டது. முடிவுக் கோட்டை அவர் எனக்கு இரண்டு எட்டு முன்னால் தாண்டினார். எனக்குப் பின்னால் இருந்த ஒருவர் எங்கள் சண்டையைப் பார்த்து மெதுவாகவே வந்தார் என்று பிறகு தெரிந்தது.

கதை அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். மனைவி உலர்ந்த துண்டைப் போர்த்தி, காரில் உட்கார வைத்து, இந்த ஊர் ஏலக்காய் டீயான கரக் சாயா டம்ளரை என் இரண்டு கைக்கு நடுவில் வைத்தாள். சூட்டைக் கொஞ்ச நேரம் உணரவே இல்லை. பிறகு ஆரம்பித்தது. நகக்கண்ணுக்குள் ஊசியை ஏற்றி, யாரோ சுத்தியலால் அடிப்பது போல. டம்ளரைக் கீழே போட்டுவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது. எலும்பு ஏதோ முறிந்துவிட்டது என்று மனைவி பதறிப்போய் நார்வேக்காரரைக் கூட்டி வந்தாள்.

அவர் என் விரலைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ரத்தம் திரும்பி வருது. அவ்வளவுதான். அழுங்கோ, எல்லாரும் அழுறவை. நானும் சின்னனில கத்தியிருக்கிறன்."

"குளிரும்போது வலிக்கல. சூடாகும்போது எதுக்கு வலிக்குது?" பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

அவர் காரின் கதவோரம் உட்கார்ந்து, பொறுமையாகச் சொன்னார். குளிரில் உடம்பு விரல்களைக் கைவிட்டுவிட்டு நெஞ்சைக் காப்பாற்றும். ரத்தக் குழாய் சுருங்கும், நரம்பு ஊமையாகும். சூடு வரும்போது ரத்தமும் திரும்பும், நரம்புகளும் கண் விழிக்கும், விழித்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் முறையிடும். நான் கேட்டுக்கொண்டே விரல்களைப் பார்த்தேன். வெள்ளையிலிருந்து நீலம், நீலத்திலிருந்து சிவப்பு. வலி போகப் போக, அது போகிறதே என்று சின்ன வருத்தம்கூட இருந்தது. அதன் ஒவ்வொரு கட்டத்தையும் இன்னொரு தடவை கவனிக்கலாம் போல இருந்தது.

"இந்த ஆளுக்கு வலியிலயும் ஆராய்ச்சிதான்" என்றாள் மனைவி.

"ஆகஸ்ட் வெயிலில நீங்கள் ஓடுறது எப்பிடி எண்டு எனக்குச் சொல்லுங்கோ" என்றார் நார்வேக்காரர். "நான் வந்த வருசம் பத்து நிமிசம் ஓடிப்போட்டு ரோட்டோரம் படுத்திட்டன்." அவருக்கு நான் உப்பு மாத்திரை, விடியும் முன் கிளம்புவது, தலையில் ஈரத்துணி என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவரும் என்னைப் போலவே குறுக்குக் கேள்வி கேட்டார்.

அடுத்த குளிர்காலத்திலும் பெயர் கொடுத்தேன். அந்த வருஷம் மலையில் மழை இல்லை. வாடி வெறும் கூழாங்கல்லாகக் கிடந்தது. குளிர் காய்ந்து, லேசாக இருந்தது. நான் தடித்த கையுறை போட்டிருந்தேன், பிரேக் ஒழுங்காகப் பிடித்தது, எங்கும் விழவில்லை. பாதிப் பேருக்கு முன்னால் முடித்தேன். வீட்டில் எல்லோருக்கும் பெருமை. நான் மட்டும் முடிவுக் கோட்டுக்கு அப்பால் நின்று கையுறையைக் கழற்றி, விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வெதுவெதுப்பாக, சாதாரணமாக இருந்தன. பக்கத்தில் நின்ற ஐரோப்பியர் ஒருவர், காய்ந்த மண்ணைக் காலால் உதைத்து, உதட்டைப் பிதுக்கினார். அவர் ஏமாற்றம் எனக்கு அப்போது புரிந்தது.