இன்னிக்கு ரெண்டு சாப்பாடு, மாஸ்டர்

நம்புகிறவர்கள் நம்பட்டும், நம்பாதவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். ஆனால் இது நடந்தது. இதில் ஒரு நிமிடத்தைக்கூடக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. நேரம் எல்லாம் அச்சடித்த காகிதத்தில் இருக்கிறது. அதுவும் பேய் உலாவும் நேரமென்று சொல்வார்களே, அந்த நேரத்தில் அல்ல. பட்டப்பகலில், ஜன்னல் வழியே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போது நடந்தது.

ஆலையில் எல்லோரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கேன்டீனில் தலைமைச் சமையல்காரர். இருபத்தாறு வருடமாக இருநூறு பேருக்கு உப்பு போட்ட கை. கண்ணை மூடிக்கொண்டு போட்டாலும் பிசகாது. ஆனால் ஒரே ஒரு ஆளுக்குச் சமைக்கச் சொன்னால் அந்தக் கை தடுமாறிப் போகும்.

அந்த கேன்டீனில் ஒரு வழக்கம் உண்டு. ஆள் கணக்கு வராமல் அடுப்பு பற்ற வைக்க மாட்டார்கள். காலை பத்து மணிக்கு வருகைப் பதிவு அறையிலிருந்து போன் வரும்: "இன்னிக்கு இருநூத்திப் பதினாலு, மாஸ்டர்." பத்து இருபத்தைந்துக்கு இரண்டாவது போன். அது பத்தியச் சாப்பாட்டுக்கு. யாருக்குக் காரம் ஆகாது, யாருக்கு உப்பு ஆகாது என்று சொல்வார்கள். பன்னிரண்டு நாற்பதுக்கு மூன்றாவது: "பத்தியத் தட்டு போயிடுச்சா?" அவ்வளவுதான். எத்தனை என்று சொல்கிறார்களோ, அத்தனை. ஏன், யாருக்கு என்று சமையல்காரர் கேட்கக்கூடாது.

அந்த மூன்று போனையும் செய்து வந்த பெண்ணைத்தான் அவர் கட்டிக்கொண்டார். முதல் ஒரு வருடம் அவள் அவருக்கு வெறும் குரல். ஒருநாள் தைரியம் வந்து கேட்டார்:

"உங்களையும் சேர்த்தா?"

"என்னை விட்டுட்டு எண்ணுவேனா? சமையலைப் பாருங்க மாஸ்டர்."

கல்யாணம் ஆன பிறகும் ஆலை போனில் அவள் "மாஸ்டர்" என்றுதான் கூப்பிட்டாள். அவரும் தினம் அதையே கேட்டார். அவளும் தினம் அதையே சொன்னாள். குழந்தை குட்டி இல்லாத வீட்டில் அந்த இரண்டு வரிதான் அவர்களுடைய சிரிப்பு.

போன மார்ச்சில் அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். தேறிவிட்டாள், நாளை மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மதியப் பந்தி உச்சத்தில் இருந்த நேரம். காய் நறுக்கும் அம்மா ஓடி வந்து, "மாஸ்டர், வீட்டம்மா லைன்ல இருக்காங்க" என்றாள். கரண்டியை விடாமலே, "கூட்டம் போகட்டும், நானே கூப்பிடறேன்னு சொல்லு" என்றார் அவர்.

ஒன்றேகாலுக்கு அவர் கூப்பிட்டபோது நர்ஸ் எடுத்தாள். அதற்குள் மனைவி போய்விட்டிருந்தாள்.

அவள் என்ன சொல்ல வந்தாள்? ஒன்பது மாதமாக அவருக்கு வேறு நினைப்பே இல்லை. தண்ணீர் குடிக்கும்போதும் அதுதான், தூங்கப் போகும்போதும் அதுதான். ஜெபத்தில்கூட அவர் வேறெதையும் கேட்கவில்லை. 'அவ என்ன சொல்ல வந்தா, அதை மட்டும் எனக்குச் சொல்லிடும் ஆண்டவரே.'

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அவருடைய அக்கா போன் செய்தாள்.

"டேய், தனியா கிடக்காத. கிளம்பி வா."

"சிநேகிதன் வீட்டுல கூப்பிட்டிருக்காங்கக்கா."

"எந்த சிநேகிதன்? ஊருக்கே ஆக்கிப் போட்டவன், உனக்குன்னு ஒரு முட்டை பொரிச்சுக்கத் தெரியாது. பொய் சொல்றதையாவது ஒழுங்கா சொல்லு."

அவர் சிரித்துச் சமாளித்தார். பிறகு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினார். எளிதான சாப்பாடு, ஒருவருக்கு. முட்டை கலக்கிய சூப், அடுப்பில் வாட்டிய ஒரு கோழிக்கால், மசித்த உருளைக்கிழங்கு, வெண்ணெயில் வதக்கிய கேரட், ரொட்டி, கடையில் வாங்கிய ஒரு துண்டு கேக். அளவு போட வேண்டுமே? இருநூறு பேருக்கான அளவை எழுதி, இருநூறால் வகுத்துப் பார்த்தார். முட்டை, ஐந்தில் ஒரு பங்கு. அவருக்கே சிரிப்பு வந்தது. சிரித்த வாய் கோணிக்கொண்டு, அந்தத் தாளின் மேலேயே அழுதார்.

மறுநாள் காலை ஆராதனைக்குப் போய்விட்டு ஒன்பதே முக்காலுக்குத் திரும்பினார். அவர் வீடு இரண்டாவது மாடி. கீழே முதல் மாடியில், நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு வயதான அம்மாள் தனியாக இருந்தார். எதிரே பார்த்தால் ஒரு கும்பிடு, அதற்கு மேல் பழக்கமில்லை. வழக்கமாக அந்த அம்மாள் வீட்டில் காலையில் ரேடியோ பாடும். அன்று பாடவில்லை. மாஸ்டர் அதைக் கவனித்தார். கவனித்துக்கொண்டே படியேறிவிட்டார்.

தாளைச் சமையல் மேடையில் வைத்தார். ஒரு உருளைக்கிழங்கை எடுத்துக் கழுவினார்.

பத்து மணி. போன் அடித்தது.

தலைமைச் சமையல்காரர் என்பதால் ஆலையின் உள் இணைப்பு ஒன்று அவர் வீட்டிலும் உண்டு. அவசரம் என்றால் மட்டும் அடிக்கும். அன்றைக்கோ ஆலை முழுவதும் மூடல்.

எடுத்தார்.

கரகரவென்று ஒரு சத்தம். தூரத்தில் காற்று அடிப்பது போல. பிறகு, ஒரு குரல்...

"இன்னிக்கு ரெண்டு சாப்பாடு, மாஸ்டர்."

அவர் கையிலிருந்த உருளைக்கிழங்கு தரையில் விழுந்து உருண்டது.

அதே குரல். "மாஸ்டர்" என்பதில் கடைசி எழுத்தைச் சற்று இழுக்கும் அதே பழக்கம். எப்படியோ கேட்டுவிட்டார்.

"உன்னையும் சேர்த்தா?"

டக். இணைப்பு போய்விட்டது.

எவனாவது விளையாடுகிறானா? இருக்கலாம். துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டதா? அதுவும் இருக்கலாம். ஆனால் இருபத்தாறு வருடப் பழக்கம், வந்த கணக்கை மறுத்ததில்லை. அவர் குனிந்து விழுந்த கிழங்கை எடுத்தார். கூடையிலிருந்து இன்னொன்றையும் எடுத்தார். மனதுக்குள் ஒரு விளக்கு எரிந்தது. ரெண்டு. அவளும் நானும். சாப்பிட வருகிறாள்! வந்தால் கேட்டுவிடலாம்.

அலமாரியிலிருந்து அவளுடைய தட்டைத் தேடி எடுத்துத் துடைத்தார்.

பத்து இருபத்தைந்து. மீண்டும் போன்.

முதல் மணியிலேயே எடுத்தார்.

"ஒண்ணு உப்பில்லாம. நல்லா மசிச்சு."

"ஏய், நான்தான்... என்கிட்ட ஒரு வார்த்தை பேசேன். அன்னிக்கு என்ன சொல்ல..."

டக்.

அவர் அப்படியே நின்றார். உப்பில்லாமலா? அவளுக்கு உப்பு தூக்கலாக வேண்டும். கேன்டீன் சாப்பாடு சப்பென்று இருக்கிறது என்று வீட்டில் சண்டையே பிடிப்பாள்.

அப்படியானால் அந்த இரண்டாவது தட்டு அவளுக்கு இல்லை.

அப்போதுதான் அவருக்குப் பயம் வந்தது. அதுவரை இருந்தது ஆசை. வீட்டைச் சுற்றிப் பார்த்தார். கூடம்... படுக்கையறை... குளியலறை. யாருமில்லை. போன் பக்கத்தில் அவள் உட்காரும் நாற்காலி மட்டும், மேசையை விட்டுச் சற்று விலகியிருந்தது. காலையில் அப்படியா இருந்தது? நினைவில்லை.

கர்த்தரின் ஜெபத்தைச் சொல்லிக்கொண்டே சமைத்தார். ஓடிப்போயிருக்கலாம். அக்கா வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் யாருக்கோ சாப்பாடு சொல்லப்பட்டிருக்கிறது. சொல்லப்பட்ட சாப்பாட்டைச் சமைக்காமல் விட்டு அவருக்குப் பழக்கமில்லை.

பன்னிரண்டரைக்கு இரண்டு தட்டையும் வைத்தார். ஒன்றில் உப்பு. ஒன்றில் இல்லை.

காத்திருந்தார்.

கடிகார முள்ளின் சத்தம் கேட்டது.

பன்னிரண்டு நாற்பது. போன்.

"பத்தியத் தட்டு போயிடுச்சா?"

"இல்ல... எங்க அனுப்பணும்?"

கரகரப்பு. நீண்ட கரகரப்பு.

"கீழ."

டக்.

தட்டை மூடி எடுத்துக்கொண்டு, கதவைப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கினார். பதினெட்டுப் படிகள். நூலகக்கார அம்மாளின் கதவைத் தட்டினார். பதில் இல்லை. கைப்பிடியைத் திருகினார். கதவு திறந்துகொண்டது.

குப்பைப் பை வாசலருகே கிடந்தது. அதற்குப் பக்கத்தில், சுவரோரமாக, அந்த அம்மாள்.

கால் ஒரு விதமாகத் திரும்பியிருந்தது. கண்கள் திறந்திருந்தன. உதடு வெடித்திருந்தது.

"நேத்து சாயங்காலம் விழுந்தேன்பா..." குரல் காற்றாக வந்தது. "கத்திக் கத்தித் தொண்டை போச்சு."

நேற்று சாயங்காலம் அவர் மேலே உட்கார்ந்து முட்டையை ஐந்தாக வகுத்துக்கொண்டிருந்தார். ஏதோ சத்தம் கேட்டது. தண்ணீர்க் குழாய் என்று நினைத்துக்கொண்டார்.

கைபேசியில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். இருபத்தைந்து நிமிடம் ஆகும் என்றார்கள். பஞ்சைத் தண்ணீரில் நனைத்து உதட்டில் வைத்தார். தலையணை கொண்டுவந்து தலைக்குக் கொடுத்தார். அம்மாளின் கண் தட்டின் மேல் போயிற்று.

"எனக்கு உப்பு ஆகாதுப்பா. இதயக் கோளாறு."

"தெரியும்மா. உப்பில்லாமதான் பண்ணியிருக்கேன்."

"உனக்கு யாரு சொன்னா?"

அவர் மசித்த கிழங்கைக் கரண்டி நுனியில் எடுத்தார்.

பன்னிரண்டு ஐம்பத்தெட்டு.

மேலே, அவர் வீட்டில், போன் அடித்தது.

ட்ரிங்... ட்ரிங்...

நாலாவது போன். நாலாவது போன் என்று ஒன்று கேன்டீனில் கிடையவே கிடையாது. கணக்கு முடிந்துவிட்டது, பத்தியம் முடிந்துவிட்டது, தட்டும் போய்விட்டது. இனி வேலை விஷயம் எதுவுமில்லை. இது அவருக்கு. அவருக்கே அவருக்கு. அன்றைக்கு அவர் எடுக்காத அந்த போன்.

உடம்பு தானாக எழுந்தது.

சட்டைக் கையை ஏதோ இழுத்தது. அந்த அம்மாளின் விரல்கள்.

"போயிடாதப்பா. ராத்திரி பூரா தனியா கிடந்தேன்..."

ட்ரிங்...

பதினெட்டுப் படிதான். ஓடினால் பத்து விநாடி.

ட்ரிங்...

"போகலம்மா," என்றார். உட்கார்ந்தார். கண்ணீர் தாடையில் வழிந்து தட்டில் சொட்டியது. தட்டை நகர்த்திப் பிடித்துக்கொண்டார், உப்பு ஆகாதே என்று. "வாயைத் திறங்க."

ட்ரி...

பாதி மணியில் நின்றது.

போய்விட்டது. அவ்வளவுதான். அவர் அடுத்த கரண்டியை எடுத்தார்.

அப்போது அம்மாள் உத்தரத்தைப் பார்த்தார்.

"மேல யாருப்பா இருக்கா?"

"யாரும் இல்லம்மா."

"நாற்காலி இழுக்கற சத்தம் கேட்டுதே..."

அவருக்கும் கேட்டிருந்தது.

ஒன்று ஒன்பதுக்குத் தெருமுனையில் ஆம்புலன்ஸ் ஒலி. அதே நேரம் தலைக்கு மேலே, மிக மெதுவாக...

டக்.

அந்த அம்மாள் பிழைத்துக்கொண்டார். இன்னும் ஒரு ராத்திரி கிடந்திருந்தால் அவ்வளவுதான் என்றார் டாக்டர். மாஸ்டர் தினமும் ஆஸ்பத்திரிக்கு உப்பில்லாத சாப்பாடு கொண்டுபோனார். அக்காவுக்கு போன் செய்து, பொய் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டார். "எனக்குத் தெரியாதாடா?" என்று அவள் அழுதாள்.

இருபத்தேழாம் தேதி ஆலை திறந்தது. மாஸ்டர் நேராக டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் அறைக்குப் போனார். உள் இணைப்பு எல்லாவற்றையும் அங்கே ஒரு இயந்திரம் தானாகப் பதிவு செய்யும். அங்கே இருக்கிற பெண் அவர் மனைவிக்குத் தங்கை மாதிரி. கிறிஸ்துமஸ் அன்றைய பதிவைக் காகிதத்தில் எடுத்துப் பார்த்தவள் முகம் வெளிறிப் போனாள்.

"மாஸ்டர்... இது வருகைப் பதிவு ரூம். அக்கா மேசை போன். அந்த ரூமைப் பூட்டி நாலு நாள் ஆச்சு. சாவி என் கையிலதான் இருக்கு."

"எத்தனை போன்?"

"நாலு. பத்து மணி, பத்து இருபத்தஞ்சு, பன்னெண்டு நாப்பது. மூணும் அரை நிமிஷத்துக்குள்ள. நாலாவது பன்னெண்டு அம்பத்தெட்டு."

"அதை எடுக்க முடியலம்மா. கீழ இருந்தேன்."

அவள் காகிதத்தை மறுபடி பார்த்தாள். விரலை வைத்துப் பார்த்தாள்.

"எடுத்திருக்கீங்களே மாஸ்டர். பதினோரு நிமிஷம் பேசியிருக்கு. ஒண்ணு ஒன்பதுக்கு உங்க வீட்டுப் பக்கம்தான் முதல்ல போனை வச்சிருக்கு."

வீடு பூட்டியிருந்தது. சாவி அவர் சட்டைப்பையில் இருந்தது.

பக்கத்து அறையில் யாரோ தட்டச்சு அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் அந்தக் காகிதத்தை வாங்கி, நாலாவது வரியைக் கட்டைவிரலால் தடவினார். ஒன்பது மாதமாக அவர் கேட்கக் காத்திருந்தது, முழுதாகப் பதினோரு நிமிடம், அவர் வீட்டிலேயே சொல்லி முடிக்கப்பட்டுவிட்டது.

"மாஸ்டர்," என்றாள் அந்தப் பெண். "கூப்பிட்டது அக்கான்னே வச்சுக்குவோம்...

எடுத்தது யாரு?"