எல்லாப் பொருள்களிலும் பிள்ளையார்

அமெரிக்காவில், டெக்சாஸின் பேர்லேண்டில் பாதித் தமிழ் வீடுகளின் பிறந்தநாள் அழைப்பிதழ்கள் ஹம்சா செய்து கொடுத்தவை. காசு வாங்கமாட்டாள். 2006இல் அவளுக்கு வேலை போனபோது, "அதையே பிசினஸா பண்ணேன்" என்றான் கணவன் க்ரிஷ். சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் கம்ப்யூட்டரை வைத்து, இணையத்தில் கடை திறந்தாள். சரக்கு வாங்கி அடுக்க வேண்டாம். படத்தை ஏற்றினால் போதும். யாராவது கேட்கும்போது, எங்கோ இருக்கும் ஒரு கம்பெனி அதைச் சட்டையிலோ கோப்பையிலோ அச்சடித்து அனுப்பிவிடும். அமெரிக்கர்களும் வாங்கட்டும் என்று கடைக்கு ஆங்கிலப் பெயர் வைத்தாள்.

முதல் படத்துக்கு விசாலாக்ஷி ஆன்ட்டியிடம் போனாள். நாலு தெரு தள்ளி மகன் வீட்டில் இருப்பவர். பேனாவை எடுக்காமல் ஒரே கோட்டில் பிள்ளையார் போடுவார்.

"என் கிறுக்கலை யார்டி வாங்குவா?" என்று சிரித்தார். "துணிப்பையில போடு. கோயிலுக்கு எடுத்துண்டு போவா." வரைந்து முடித்ததும் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கொடுத்தார்.

படத்தை ஏற்றிய அன்று, மகளை டேகேரிலிருந்து கூட்டிவர நேரமாகிவிட்டது. பொருள்களை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்கப் பொறுமையில்லை. 'எல்லாப் பொருள்களும்' என்ற கட்டத்தைத் தட்டிவிட்டு ஓடினாள். பட்டியலை அப்புறமும் பார்க்கவில்லை. இரண்டு விற்றதாக மின்னஞ்சல் வந்தபோது, என்ன விற்றது என்றுகூடப் படிக்காமல் க்ரிஷைக் கட்டிக்கொண்டாள்.

மூன்றாம் வாரம், கோயில் கேன்டீனில் தோசைக்கு நின்றவர்களிடம் கோயில் கமிட்டியிலிருக்கும் வாஞ்சிநாதன் அங்கிள் ஒரு தாளை நீட்டிக்கொண்டே வந்தார். பெண்கள் உள்ளாடை ஒன்றின் படம். நடுவில், ஒரே கோட்டில் பிள்ளையார்.

"அக்கிரமத்தைப் பாருங்கோ! பெட்டிஷன் போடறோம். சைன் பண்ணுங்கோ."

"யாரு அங்கிள் விக்கறது?" என்றான் வரிசையில் ஒருவன்.

"இங்கிலீஷ்ல பேர் வெச்சிருக்கான். எவனோ வெள்ளைக்காரன்தான். நம்மாத்து மனுஷா பண்ணுவாளா?"

ஹம்சாவும் அதே வரிசையில்தான் நின்றிருந்தாள். 'நான்தான்' என்ற ஒரு சொல் போதும். ஆனால் வரிசையில் எல்லாம் தெரிந்த முகங்கள். பேனா கைக்கு வந்தது. முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அடுத்து நின்றது விசாலாக்ஷி ஆன்ட்டி. கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை வெகுநேரம் பார்த்தார். மேலேயிருந்த ஹம்சாவின் பெயரைப் பார்த்தார். பிறகு தானும் கையெழுத்துப் போட்டார்.

"உன் தோசை வந்துடுத்து, போ" என்றார்.

அன்று மதியம் ஹம்சா பட்டியலைத் திறந்தாள். செருப்பு, நாய்க்குச் சட்டை, எல்லாவற்றிலும் பிள்ளையார். அத்தனையையும் அழித்துவிட்டு ஆன்ட்டி வீட்டு வாசலில் போய் நின்றாள். உள்ளே வா என்று அவர் சொல்லவில்லை.

"எடுத்துட்டேன் ஆன்ட்டி. எல்லாத்தையும்."

"வித்தது?"

"ஒண்ணு பை. இன்னொண்ணு..."

"திருப்பி வாங்க முடியாதா?"

"வாங்கினது யாருன்னு கம்பெனில சொல்ல மாட்டா."

ஆன்ட்டி தலையசைத்தார். "வாஞ்சிகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"நீங்களே..." என்றாள் ஹம்சா. சொன்ன பிறகுதான், போட்ட கையெழுத்தைவிட இது கேவலம் என்று உறைத்தது.

ஆன்ட்டி உள்ளே போய் போனை எடுத்தார். "வாஞ்சி, அந்தப் பிள்ளையார் நான் போட்டது. என் அசட்டுத்தனம். நெட்டுக்குப் போயிடுத்து" என்பது வாசல்வரை கேட்டது. அந்தப் பக்கம் வாஞ்சிநாதன் கத்துவதும் கேட்டது. ஆன்ட்டி, "ஆமாம், தப்புதான், ஆமாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஹம்சா உள்ளே போகவில்லை.