ரெட்வுட் காட்டில் என் ரோட் ட்ரிப்... நான் மட்டும் இல்லை

போன சனிக்கிழமை மாலை ஆறு மணி. சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கிறேன். போன் அடிக்கிறது. வீடியோ கால். கலிபோர்னியாவில் இருந்து என் மாமா மகன் தர்ஷன்!

அவனுக்குப் பின்னால் ஒரு மரம். மரம் என்றா சொன்னேன்? சுவர்!

"மச்சான், பார்த்தியோ? அண்ணாந்து பார்த்தே கழுத்து நோகுதடா!"

எரிந்தது. நீங்களே சொல்லுங்கள், எரியாதா? அந்த ரோட் ட்ரிப்பே நான் போட்டது. எங்கே கார் எடுப்பது, கடலோரமாக எப்படி வடக்கே ஏறுவது, எந்தக் காட்டில் இறங்குவது — எல்லாம் மூன்று மாதம் மேப்பைக் கிண்டி நான் எழுதிக் கொடுத்தது. போயிருப்பது அவனும் என் இரண்டு நண்பர்களும்.

நான் ஏன் போகவில்லை? தர்ஷனும் நானும் ஷ்லீரன் என்ற ஊரில்தான் பிறந்து வளர்ந்தோம். ஆனால் இங்கே பிறந்தால் மட்டும் குடியுரிமை வந்துவிடாது, விண்ணப்பிக்க வேண்டும். சுவிஸ் பாஸ்போர்ட்டுக்கு அவன் விண்ணப்பம் போட்டான். நான் 'அடுத்த மாதம் பார்க்கலாம்' என்று இருந்தேன். இருந்துவிட்டு, படிக்கிற கம்பஸுக்குப் பக்கம் என்று வின்டர்தூருக்கு ரூம் மாறிவிட்டேன். அரை மணி நேர ரயிலை மிச்சம் பிடிக்கிறாராம் ஐயா!

இங்கே ஒரு விதி. விண்ணப்பிக்க, ஒரே ஊரில் தொடர்ந்து இரண்டு வருடம் இருந்திருக்க வேண்டும். ஊர் மாறினால்? மறுபடி முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும்.

அவனிடம் சிவப்பு பாஸ்போர்ட். அமெரிக்காவுக்கு விசாவே வேண்டாம்; ஆன்லைனில் நாலு கேள்வி, பறந்துவிட்டான். என்னிடம் இலங்கை பாஸ்போர்ட். விசா இன்டர்வியூவுக்குக் கிடைத்த தேதியே அவர்கள் திரும்பி வரும் நாளுக்குப் பிறகுதான்.

"எப்பிடியடா இருக்கு?" என்றேன். நல்லா இல்லை என்று சொல்லித் தொலையேன்...

"உண்மையச் சொல்லட்டோ? ரெண்டு மரம் பார்த்தாக் காணும். மிச்சமெல்லாம் ஒரே மாதிரி. பசிக்குது மச்சான்."

பாவி! இது அதைவிட மோசம். நான் ஏங்கிச் சாகிற காட்டில் நின்றுகொண்டு பர்கர் தேடுகிறான்!

"விசரா! பக்கத்தில ஒரு போர்டு இருக்கும். அதையாவது வாசி."

வாசித்தான்.

"மச்சான்... இந்த மரம் ஆயிரத்து ஐந்நூறு வருசமா இந்த இடத்தை விட்டு அசையேல்லையாம். உனக்கு ஒரு ஃபோர்ம் நிரப்பும்வரைக்கும் ஷ்லீரன்ல இருக்கேலாமப் போச்சே!"

மற்ற இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது.

தர்ஷன் மேல் பொறாமை வரும் என்பது தெரிந்ததுதான். ஒரு மரத்தின் மேலும் வரும் என்று யார் கண்டது?