எம்ரிஸ் சொல்லாத "போதும்"

என் தம்பி எம்ரிஸைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் இரண்டாவதற்குள் எனக்கு வாய் வறண்டுவிடும். டொல்கெத்லாய் ஊருக்கு மேலே, மலையில் இருநூறு ஆடுகளோடு தனியாக வாழ்கிறான். கல்யாணம் கிடையாது. அப்பா நிலத்தையெல்லாம் அவனுக்கு எழுதி வைத்தார். எனக்கு ஓடாத சுவர்க்கடிகாரம். ஆடு ஈனும் காலம் என்று என் கல்யாணத்துக்கே அவன் வரவில்லை. வேல்ஸ் முழுக்க இப்படி ஒரு கல்நெஞ்சன் இருக்கமாட்டான்.

அப்பாவின் கல்லறையில் என்ன எழுதுவது என்று சண்டை போட ஒரு நாள் அங்கே போயிருந்தேன். அவனுடைய நாய் பெரோ, ஒன்பது வயது பார்டர் கோலி இன மேய்ப்பு நாய், பின்னங்கால் வண்டியில் நசுங்கியும் நொண்டிக்கொண்டே ஆடுகளை மறித்து நின்றது. எம்ரிஸ் துப்பாக்கியோடு வெளியே வந்தான்.

"ஓடாத நாயை வச்சுக்கிட்டு என்ன பண்றது?"

நாயைத் தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

கால் ஓரளவு ஆறியது. நாய்தான் படுக்கவில்லை. என் வீட்டுக்காரர் டியூடர் குளியலறைக்குப் போனால் குதிகாலைக் கவ்விச் சமையலறைக்கே ஓட்டிக்கொண்டு வந்தது. எல்லாரும் ஒரே அறையில் இருந்தாலும் எங்களைச் சுற்றிச் சுற்றி வந்தது. நின்றபடியே தின்றது. பாதம் வெடித்து ரத்தம் கசிந்தது.

கால்நடை மருத்துவர் சொன்னார்: "வேலை முடிஞ்சுதுன்னு இதுக்கு யாரும் சொல்லலைங்க. இப்படியே போனா ஒரு மாசம் தாங்காது."

எங்கள் மலையில் வேலை முடிந்ததும் மேய்ப்பர் நாயிடம் "போதும்" என்பார். நானும் அதட்டியும் கெஞ்சியும் பாடியும் சொல்லிப் பார்த்தேன். நாய் காதைக்கூட அசைக்கவில்லை. வேறு வழியில்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நாயோடு எம்ரிஸின் வாசலுக்கே போனேன்.

"என்னக்கா, திருப்பிக் கொண்டாந்துட்டியா? துப்பாக்கி உள்ளதான் இருக்கு."

"வாயைக் கழுவுடா. ஒரே ஒரு தடவை போதும்னு சொல்லு, நான் போயிடறேன்."

"சொன்னா எங்கிட்ட வந்துடும். போதும்னா வேலைய விட்டுட்டு எங்கிட்ட வான்னு அர்த்தம்."

"கொல்லப் பாத்தவன்கிட்டயா வரும்?"

அவன் நாயைப் பார்க்கவேயில்லை. மூக்கால், அடிக்குரலில் சொன்னான்: "போதும், பெரோ."

நாய் கார் ஜன்னல் வழியாகக் குதித்து, நொண்டிக்கொண்டு போய், அவன் பூட்ஸ்மேல் தலையை வைத்துத் தூங்கிவிட்டது. மூன்று வாரத்தில் முதல் தூக்கம். எனக்கு வயிறு எரிந்தது. மழை பிடித்துக்கொண்டது. அவன் தொப்பலாக நனைந்தான், காலை மட்டும் நகர்த்தவில்லை.

"நீயே தூக்கிட்டுப் போ," என்றான் கடைசியில். "இங்க இருந்தா நாளைக்கே மலையேறிச் செத்துடும். தினமும் சாயங்காலம் நீதான் சொல்லணும். மூக்கால சொல்லு, கடைசியில இறக்கு."

சொன்னேன்.

"கோழி கத்தற மாதிரி இருக்கு. இன்னொரு தடவ."

பதினாறாவது தடவை பெரோ கண்ணைத் திறந்து, எழுந்து, என்னிடம் வந்தது. எம்ரிஸ் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். போய்வருகிறேன் என்று நானும் சொல்லவில்லை.

"அப்படியே உன் தம்பி பேசற மாதிரியே இருக்கு," என்றார் டியூடர் மறுநாள். அன்று அவருக்குச் சாப்பாடு கிடையாது.

இந்த வீட்டில் அவன் பேரை எடுக்கக்கூடாது என்று சட்டம் போட்டவளே நான்தான். தினமும் ஆறு மணிக்கு அவன் குரலை எடுப்பதும் நான்தான்.