பாவமன்னிப்பும் இரத்தப் பரிசோதனையும்

இடப்பக்க விலாவில், ரவிக்கையின் விளிம்பு உரசும் இடத்தில், முதலில் எரிச்சல் மட்டுமே தோன்றியது. அதன் பின் நீர்கோத்த கொப்புளங்கள் முதுகிலிருந்து மார்பை நோக்கி ஒரு பட்டையாகப் படர்ந்தன. பார்த்ததும் அக்கி என்றார் அம்மா. (சின்னம்மை ஆறிய பின்னும் நரம்புக்குள் உறங்கிக் கிடக்கும் வைரஸ், உடலின் எதிர்ப்பாற்றல் குன்றும்போது மீண்டும் எழுவதே அக்கி.) முத்தாண்டிக்குப்பத்தில் அக்கி எழுதும் குயவர் ஒருவர் காவியைக் குழைத்து என் தோலின்மீது பூசி எழுதினார். கொப்புளங்கள் காய்ந்தன. வலி காயவில்லை.

சில மாதங்களில் அது வலப்பக்கம் வந்தது. இம்முறை தோல் மருத்துவரிடம் போனேன். அவர் என் வயதைக் கேட்டார். முப்பது என்றேன். திருமணமாகி எவ்வளவு காலமாயிற்று என்று கேட்டார். இரண்டாண்டு என்றேன்.

“இந்த வயசுல அக்கி ரெண்டு தடவ வரக்கூடாதும்மா. ரத்தம் எடுத்துப் பாத்துடலாம். எச்.ஐ.வி.யும் சேத்து.”

நான் சிரித்துவிட்டேன். “எனக்கா டாக்டர்?”

அவர் சிரிக்கவில்லை. இதை வாசிக்கும் உங்களுள் எவரேனும் அதே நாற்காலியில் அமர்ந்து அதே சிரிப்பைச் சிரித்திருக்கக்கூடும். அந்தச் சிரிப்பு நமக்குள் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லவே எழுதுகிறேன்.

நான் நெய்வேலியில் பிறந்தவள். நகரியப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியை. மேல்நிலைப் பள்ளியில் படித்தபோது எங்கள் பங்கில் (ஒரு கோவிலைச் சார்ந்த கத்தோலிக்கக் குடும்பங்களின் தொகுதி) இளையோருக்கு ‘வாழ்வியல் திறன்’ வகுப்பு நடந்தது. ஞாயிறு திருப்பலி முடிந்ததும் கோவிலுக்குப் பின்னுள்ள மண்டபத்தில் கூடுவோம். நேர்காணலுக்கு எப்படிச் செல்வது, சினத்தை எப்படி அடக்குவது, தீய நண்பரை எப்படி விலக்குவது என்றெல்லாம் கற்பித்தார்கள். இறுதிப் பாடம் எய்ட்ஸ். எலும்பும் தோலுமாய்க் கிடந்த ஒருவரின் படத்தைச் சுவரில் மாட்டி, கட்டுப்பாடின்றி வாழ்ந்தால் இந்த நிலைதான் என்றார்கள். பின்னர் ஆளுக்கொரு மெழுகுவர்த்தி ஏந்தி, திருமணம் வரை தூய்மை காப்போம் என்று பீடத்தின்முன் உறுதிமொழி எடுத்தோம். கையொப்பமிட்ட அட்டையை விவிலியத்துக்குள் வைத்துக்கொண்டோம். எங்களுக்குத் தந்த சிறுநூலின் பெயர் ‘தூய்மையே கவசம்’.

யாருடைய தூய்மை என்று அந்நூல் எங்கும் கூறவில்லை.

நான் அந்த உறுதிமொழியைக் காத்தேன். என் கணவரைத் தவிர வேறெவரையும் தொட்டதில்லை. ஆகவே மருத்துவர் கேட்டபோது சிரித்தேன். கவசம் அணிந்தவளிடம் காயம் உண்டா என்று கேட்டால் வேறென்ன செய்வாள்?

அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் இடத்துக்கு நம்பிக்கை மையம் என்று பெயர். அதன் நடைக்கூடத்தில் காத்திருந்தபோது, எதிரே உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரையும் அந்தச் சுவர்ப்படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒருவரும் அப்படத்தைப்போல் இல்லை. பண்ருட்டிச் சந்தைக்குப் போகிறவர்களைப்போல் இருந்தார்கள். பையும் குடையும் வைத்திருந்தார்கள்.

முடிவைச் சொன்ன ஆலோசகர் என் கையைப் பிடித்துக்கொண்டார். வைரஸ் இருக்கிறது, மருந்தும் இருக்கிறது, நாள்தோறும் தவறாமல் உட்கொண்டால் முழு ஆயுளும் வாழலாம் என்றார். பின்னர், “வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்கம்மா” என்றார்.

என் கணவர் சேவியர் முத்தாண்டிக்குப்பத்துக்காரர்; எங்கள் பங்கின் அதே இளையோர் வகுப்பில் இருந்தவர். சுரங்கத்தில் நிலத்தடி நீரை இறைக்கும் பம்புகளைக் கவனிக்கும் பணி. அவருக்கும் தொற்று இருந்தது. அவருடைய சி.டி.4 எண்ணிக்கை (எதிர்ப்பாற்றலை நடத்திச்செல்லும் வெள்ளணுக்களின் அளவு) என்னுடையதைவிடக் குறைவு. அவருக்குத்தான் முதலில் வந்திருக்கிறது என்பதை அறிய மருத்துவரின் விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை. அவர் முகமே சொல்லிற்று. மருத்துவமனை வளாகத்துப் புங்கமரத்தடிச் சிமெண்டு மேடையில் உட்கார்ந்தோம்.

“எப்போ?”

“கல்யாணத்துக்கு முன்னாடி. கான்ட்ராக்ட்ல வடக்க வேலைக்குப் போயிகினு இருந்தேனே, அப்ப.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன், ரோசி.” அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “கல்யாணத்துக்கு மொத நாளு. எல்லாத்தையும் சொல்லி அழுதுகினே இருந்தேன். சாமியாரு மன்னிப்புக் குடுத்தாரு. அதோட தீந்துச்சுன்னு நெனச்சிட்டேன்.”

“என்ன பரிகாரம் குடுத்தாரு?”

“முழு செபமாலை. முட்டி போட்டு சொல்லச் சொன்னாரு. சொன்னேன்.”

பிற சமயத்தாருக்காக ஒரு விளக்கம். திருமணத்துக்கு முன் மணமக்கள் குருவிடம் பாவங்களை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறுவது (பாவசங்கீர்த்தனம்) எங்கள் வழக்கம். அங்கே கேட்டதை அந்தக் குரு எவரிடமும், எக்காரணத்துக்காகவும் வெளியிடக்கூடாது. நானும் அறிக்கையிட்டிருந்தேன். அம்மாவிடம் எரிந்து விழுந்ததையும், தோழியின்மேல் கொண்ட பொறாமையையும்.

அந்த இரகசியத்தை அக்குரு எனக்குச் சொல்லியிருக்க வேண்டும் என்று நான் ஒருபோதும் கேட்கமாட்டேன். அதற்கு அவருக்கு உரிமை இல்லை. ஆனால், தன்முன் முழங்காலிட்டு அழுத அந்த மனிதனிடமே, ‘முதலில் போய் இரத்தத்தைப் பரிசோதித்துக்கொள், முடிவு தெரியும் வரை இந்தத் திருமணம் பொறுக்கட்டும்’ என்று சொல்ல எந்தச் சட்டம் குறுக்கே நின்றது? செபமாலையைப் பரிகாரமாகத் தந்த வாய் அந்த ஒரு வாக்கியத்தையும் தந்திருந்தால் என் குருதி என்னுடையதாகவே இருந்திருக்கும். அவர் என் கணவரின் ஆன்மாவைக் கழுவினார். அடுத்த நாள் என் உடலை அவரிடம் ஒப்படைத்து, ஆசியும் வழங்கினார்.

“டெஸ்ட் பண்ணணும்னு உங்களுக்கே தோணலையா?” என்று கேட்டேன்.

“அந்த கிளாஸ்ல படம் மாட்டுனாங்களே. நானுந்தான் மெழுகுவத்தி புடிச்சேன். டெஸ்டுக்குப் போயி நின்னாலே அந்த ஆளு நான்தான்னு ஆயிடும்ல?”

அதைக் கேட்டபின் என் சினம் இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதி அவர்மேல் நின்றது, இன்றும் நிற்கிறது. மறுபாதி அந்த மண்டபத்துக்குச் சென்றது. எனக்கு அச்சமே வேண்டாம் என்று கற்பித்த அதே பாடம், அவருக்கு அச்சத்தைத் தவிர வேறெதையும் கற்பிக்கவில்லை. ஒரே மெழுகுவர்த்தி இருவரையும் எரித்தது.

கூட்டு மருந்துச் சிகிச்சை (வைரஸ் பெருகுவதைப் பல வழிகளில் தடுக்கும் மருந்துகளை ஒரே மாத்திரையாகத் தருவது) தொடங்கியது. முதல் வாரங்களில் தலைசுற்றலும், உறக்கத்தில் அலறி எழவைக்கும் கனவுகளும் இருந்தன. அவை தணிந்தன. எடை கூடியது. வகுப்பில் மீண்டும் குரலெடுத்துச் செய்யுள் சொல்ல முடிந்தது. அதே சிகிச்சையைத் தொடங்கியிருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: முதல் மாதத்து உடலை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

ஓராண்டு கடந்தபின் மருத்துவர் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, “ரெண்டு பேருக்குமே வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் கொறஞ்சிடுச்சு. இப்படியே இருந்தா உடலுறவால இன்னொருத்தருக்குப் பரவாது. ஆனா மாத்திரைய மட்டும் விட்டுடாதீங்க” என்றார்.

வரும் வழியில் பேருந்தில் சேவியர் சொன்னார்: “சுரங்கத்துல பம்பு ஓடற மாதிரிதான். அடியில தண்ணி முட்டிகினே இருக்கும். போயிடல. மேல ஏறாம பாத்துக்கறோம், அவ்ளோதான்.”

அவரோடு ஏன் இன்னும் வாழ்கிறாய் என்று அம்மா கேட்டார். ஒரே மருந்துக்கு ஒரே பேருந்தில் போகிறோம். இப்போதைக்கு அதுவே விடை.

இவ்வாண்டு புதிய பங்குத்தந்தை என்னை அழைத்தார். என் உடல்நிலையை நானே அவரிடம் தெரிவித்திருந்தேன். இளையோர் வகுப்பில் நான் பேச வேண்டும் என்றார்.

“ஒரு சாட்சியமா சொல்லுங்க டீச்சர். செபத்தால ஆண்டவர் உங்களுக்குச் சுகம் குடுத்தாருன்னு.”

“நான் குணமாகல ஃபாதர். மாத்திரை சாப்பிடறேன்.”

“அந்த மாத்திரையையும் ஆண்டவர்தானே குடுத்தாரு?”

“அப்ப பரிசோதனையையும் அவர்தான் குடுத்திருப்பாரு. அதப் பத்தியும் சொல்லுவேன். ஆணுறையப் பத்தியும்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அதெல்லாம் சொன்னா பசங்கள ஊக்குவிக்கிற மாதிரி ஆயிடும்.”

“என்னை யாரும் ஊக்குவிக்கல ஃபாதர். நல்ல பிள்ளையாத்தான் இருந்தேன். பாருங்க என்னை.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “நான் பின்னாடி உக்காந்திருப்பேன்” என்றார். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

எனக்கு அவசரம் இருந்தது. என் அண்ணன் மகள் பிளசிக்குத் திருமணம் உறுதியாகியிருந்தது. மணமகன் பண்ருட்டியில் முந்திரி ஏற்றுமதிக் கடையில் கணக்கர், நல்லவர் என்றார்கள். சேவியரையும் நல்லவர் என்றுதான் சொன்னார்கள், உண்மையாகவும் அவர் நல்லவர். வகுப்பு நடந்த அந்த ஞாயிறு காலையில் பிளசியின் முதல் ஓலை வாசிக்கப்பட்டது. (மணமக்களின் பெயரை மூன்று ஞாயிறு திருப்பலியில் அறிவித்து, தடை ஏதேனும் அறிந்தவர்கள் தெரிவிக்கும்படி கேட்பதே ஓலை வாசித்தல்.) ஊரையே கேட்கிறார்கள். கேட்க வேண்டிய இருவரைக் கேட்பதில்லை.

மண்டபம் மாறவில்லை. சுவர்ப்படம் மட்டும் இல்லை. என்னைக் கண்டதும் கடைசி வரிசையிலிருந்து ஒருவன், என் பழைய மாணவன், “டீச்சர், இதுக்கும் மனப்பாடச் செய்யுள் உண்டா?” என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

“உண்டு. தப்பா சொன்னா மார்க் போகாது, உயிர் போகும்” என்றேன். சிரிப்பு அடங்கியது.

எனக்கு எச்.ஐ.வி. உள்ளது என்று சொன்னேன். உறுதிமொழி அட்டையை விவிலியத்திலிருந்து எடுத்துக் காட்டினேன். தொற்றும் வழிகளைச் சொன்னேன். தொற்றாத வழிகளையும் சொன்னேன். திருமணத்துக்கு முன் இருவரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்றும், சாளரக் காலம் (தொற்று ஏற்பட்டும் பரிசோதனையில் புலப்படாத தொடக்கக் காலம்) உண்டாதலால் ஆலோசகர் சொன்னால் மீண்டும் பரிசோதிக்க வேண்டும் என்றும் சொன்னேன். எப்படி வந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை. அது என்னுடைய பாவம் அன்று. சொல்லும் உரிமையும் எனக்கில்லை.

அப்போது வாசலில் நின்றிருந்த சேவியர் உள்ளே வந்தார். இரவு ஷிப்டு முடிந்து நேரே வந்திருந்தார். சட்டையில் நிலக்கரிக் கறை.

“எங்கிட்டேர்ந்துதான் வந்துச்சு” என்றார். “நான் பாவசங்கீர்த்தனம் பண்ணேன். மன்னிப்பு கெடச்சிது. ஆனா மன்னிப்பு ரத்தத்துக்குள்ள போவாது. நீங்களும் அந்தத் தப்ப பண்ணாதீங்க.”

பின்வரிசையில் பங்குத்தந்தை தலைகுனிந்திருந்தார்.

முதலில் எழுந்தவள் பிளசி. “அத்தை, நான் அவர்கிட்ட டெஸ்ட் பண்ணச் சொன்னா, என்னையே சந்தேகப்படுறியான்னு கேக்கமாட்டாரா?”

“முதல்ல நானே பரிசோதிச்சுக்கறேன்னு சொல்லு. கூட வர்றீங்களான்னு கேளு.”

அன்று மாலையே அண்ணன் எங்கள் குவார்ட்டர்சுக்கு வந்தார். செருப்பைக் கழற்றவில்லை. “உன் வீட்டுக் கதைய எம்பொண்ணு தலையில ஏத்துறியா? ஓலை வாசிச்சாச்சு. நின்னுபோனா ஊரு என்ன கேக்கும் தெரியுமா?”

“ஊர் கேக்கும்ணே. ரத்தம் கேக்காது.”

அவர் இரண்டாம் ஓலை வரை என்னோடு பேசவில்லை. அதற்குள் பிளசி தானே மணமகனைத் தொலைபேசியில் அழைத்திருந்தாள். “கூட வர்றீங்களான்னு கேட்டேன் அத்தை. பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன், வான்னாரு” என்றாள். இருவரும் சேர்ந்து போனார்கள். முடிவை அவள் எனக்குச் சொல்லவில்லை; நான் கேட்கவும் இல்லை. அது அவர்கள் இருவருக்கும் உரியது. மூன்றாம் ஓலை வாசிக்கப்பட்டபோது கோவிலில் என் அருகே நின்ற அவள், சுண்டுவிரலால் என் சுண்டுவிரலை ஒருமுறை பற்றி விட்டாள். அந்த ஒரு கணத்துக்காக என் இரத்தம் பட்ட பாடு வீண் இல்லை என்று எவரும் ஆறுதல் சொல்ல வேண்டாம். அது வீண்தான். அவள் இரத்தத்தை வீணாக்காமல் காக்க என் இரத்தம் தேவைப்பட்டிருக்கக்கூடாது. ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது.

சேவியரின் ஷிப்டு வாரந்தோறும் மாறும். அவர் வீட்டிலிருக்கும் நேரத்தை நம்ப முடியாது; ஆகவே நான் மாத்திரை நேரத்தைக் கோவிலின் மாலைச் செபமணிக்கு வைத்திருக்கிறேன். முன்பு அந்த மணி ஒலித்தால் கைகூப்புவேன். பொழுது சாய்ந்தது என்று அறிவேன். இப்போது என் நாள் ஒரு மணியிலிருந்து அடுத்த மணி வரை நீள்கிறது. அதற்கப்பால் உள்ள ஆண்டுகளை நான் எண்ணுவதில்லை. இவ்வுடல் எனக்குச் சொந்தமான வீடாக இருந்தது. இப்போது நான் ஓயாமல் காவல் காக்கும் சுரங்கம். அடியில் நீர் முட்டிக்கொண்டிருக்கிறது. சினமும் அங்கேதான் இருக்கிறது. அது தணிய வேண்டும் என்று மருத்துவர் எவரும் இதுவரை சொல்லவில்லை.

மணி ஒலிக்கிறது. வீட்டில் இருக்கும் நாள்களில் சேவியர் இரண்டு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து, ஒன்றை முதலில் என்னிடம் நீட்டுகிறார். நான் வாங்கிக்கொள்கிறேன். மன்னித்துவிட்டேன் என்று அதற்குப் பொருள் இல்லை. மணி அடித்துவிட்டது என்பதே பொருள்.