உலகம்மை கழுவிய தட்டு

திருவனந்தபுரத்துக் கல்லூரி ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவியே பதினான்கு வருஷம் ஓட்டியவள் உலகம்மை. ஊர் வள்ளியூர்ப் பக்கம். புருஷன் லிங்கம் அங்கே சாலை என்னும் கடைத்தெருவில் மூட்டை தூக்கினான். எட்டாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டவள்தான், ஆனால் கழுவுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அவள் கழுவிய தட்டில் தண்ணீர் ஊற்றினால் ஒரு சொட்டுகூடத் திரண்டு நிற்காமல் வழுக்கிக்கொண்டு ஓடும். நின்றால் மறுபடியும் கழுவுவாள். அந்த விஷயத்தில் கொஞ்சம் திமிர் உண்டு, இருந்துவிட்டுப் போகட்டுமே.

தொண்ணூற்றெட்டில் அந்தத் திமிருக்கு ஒரு சோதனை வந்தது. பாறசாலைக்காரியான ஆராய்ச்சி மாணவி லிபி அங்கே கூமரின் என்னும் பொருளை ஆராய்ந்துகொண்டிருந்தாள். செடிகளில் தானாகவே இருப்பது அது. வில்வ வேரிலிருந்து கொஞ்சம் பிரித்தெடுத்தாள். அதே சாயலில் எட்டு வகையைக் குடுவையில் தானே செய்தாள். எது கிருமியை நன்றாகக் கொல்லும் என்பதே கேள்வி. கிருமி பூசிய தட்டில், மருந்தில் ஊறிய பொட்டளவு காகித வில்லைகளை வைப்பார்கள். மறுநாள் கிருமி வெள்ளையாகப் படர்ந்திருக்கும். மருந்து பலித்தால் வில்லையைச் சுற்றி மட்டும் வட்டமாகத் துடைத்துவிட்டாற்போல் இருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத வெறும் வில்லை ஒன்றும் வைப்பார்கள். அதைச் சுற்றி வட்டம் வரவே கூடாது.

வந்துவிட்டது. லிபியின் வழிகாட்டி தாணுலிங்கம் சார் கொதித்துப்போனார்.

"தட்டுல சோப்பு நிக்கி, உலகம்மே. ஒழுங்கா கழுவ முடியலன்னா சொல்லு, வேற ஆளைப் பாக்கேன்."

அவள் வேலையை நிரந்தரமாக்கும் கடிதம் அப்போது அவர் மேசையில்தான் கையெழுத்துக்குக் கிடந்தது. வேறொருத்தியாக இருந்தால் கண்ணைக் கசக்கியிருப்பாள். உலகம்மைக்கு வந்தது கோபம். தட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

"சாரே, சோப்பு நின்னா தட்டு முழுக்கல்லோ கிருமி சாகணும்? விளிம்பு வரைக்கும் வளந்து கெடக்கு பாருங்க. வில்லையைச் சுத்தி மட்டும் சோப்பு வந்து குந்தியிருக்குமா?"

சார் குனிந்து தட்டின் விளிம்பைப் பார்த்தார்.

அவள் அதோடு விடவில்லை. லிபியின் கூமரின்கள் புற ஊதா விளக்கின் கீழ் நீலமாக ஒளிரும். குடுவையில் மிச்சம் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க அந்த விளக்கைத்தான் உலகம்மை நம்புவாள். மீந்திருந்த வெறும் வில்லைகளைக் கொண்டுபோய் விளக்கடியில் வைத்தாள். இருண்டு கிடக்க வேண்டியவை நீலமாய்ப் பளிச்சிட்டன.

இடவப்பாதி என்று அங்கே சொல்லும் தென்மேற்குப் பருவமழை கொட்டிய வாரம் அது. வில்லைகள் காய மறுத்ததால், லிபி எல்லாவற்றையும் ஒரே கிண்ணத்தில் நெருக்கிப் பல்புச் சூட்டில் உலர்த்தியிருந்தாள். ஈரத்தோடு ஈரமாய் மருந்து வெறும் வில்லைக்கும் ஊறிவிட்டது.

"தப்பு எனக்கதாக்கும் சார். நாந்தான் ஒண்ணா வச்சேன்" என்றாள் லிபி. அழுகை முட்டினாலும் மறைக்காமல் சொன்னாள், நல்ல பெண்.

எல்லாம் முதலிலிருந்து தொடங்கியது. வில்லைகள் தனித்தனியே காய்ந்தன. தட்டுகளை உலகம்மையே கழுவினாள். முடிவு பார்க்கும் நாளில் சார் அளவுகோலை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"நீங்களே அளந்து சொல்லுங்க. நான் எழுதுதேன்."

வில்வ வேர் பதினாலு மில்லிமீட்டர். லிபி செய்த ஏழாவது வகை இருபத்திரண்டு. லிபி துள்ளிக் குதித்தாள். உலகம்மை கடைசியாக வெறும் வில்லையின் மேல் குனிந்தாள். அதை ஒட்டிச் சுற்றிலும் கிருமி செழித்து வளர்ந்திருந்தது. பதினான்கு வருஷத்தில் அவ்வளவு அழகான ஒன்றை அவள் பார்த்ததில்லை.

"பூஜ்யம்" என்றாள். "நல்லா பெருசா எழுதுங்க, சாரே."